அறுத்த வலை யார் பற்றில்? பாக் விரிகுடா ஆவுளியாவும் செட்டிநாட்டு நண்டுச் சந்தையும்

செட்டிநாட்டுக்கு எல்லை சொல்லும் பழைய வழக்கத்தில் வடக்கே வெள்ளாறு, தெற்கே வைகை, மேற்கே பிரான்மலை, கிழக்கே கடல். முதல் மூன்றைப் பற்றியும் ஊரில் ஆளுக்கொரு கதை இருக்கும். நான்காவது எல்லை நமக்கு மீன்கடைப் பலகையோடு முடிந்துவிடுகிறது. காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும் நண்டு, தொண்டி, ஜெகதாப்பட்டினம், கோட்டைப்பட்டினம், கட்டுமாவடி என்று பாக் விரிகுடாவின் ஏதோ ஒரு கரையில் இரவு விரித்த வலையில் பட்டதாக இருக்கும். தேவகோட்டையில் பஸ் ஏறினால் திருவாடானை வழியாகத் தொண்டிக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று முன்பின். அவ்வளவு பக்கத்தில், அதே மாதிரி வலையில், ஒரு பெரிய விலங்கு மூச்சு முட்டிச் சாவதும் உண்டு என்பது இந்தப் பக்கத்துச் சமையலறைகளில் பேசப்படுவதில்லை.

பள்ளிப் புத்தகத்தில் கடல்பசு, கடலோரத்தில் ஆவுளியா. இந்த ஆய்வு அந்த விலங்கைப் பற்றியது. அதைவிட அதிகமாக அந்த வலையைப் பற்றியது. ஒரு குறிப்பிட்ட நாளில் நடந்த ஒரு விபத்தை நான் எடுத்துக்கொள்ளவில்லை. இந்தக் கரையில் திரும்பத் திரும்ப நடக்கும் ஒன்றை, அதன் ஒவ்வொரு கட்டத்திலும் யார் என்ன இழக்கிறார்கள் என்று பார்க்கிறேன். விலங்கு சிக்காமல் இருக்க வலையில் என்னென்ன கருவி மாட்டலாம் என்று உலகமெங்கும் பேச்சு இருக்கிறது. பாக் விரிகுடாவில் காரியத்தைத் தீர்மானிப்பது அதைவிடச் சாதாரணமான ஒரு கணக்குதான் என்பது என் கருத்து: விலங்கை விடுவிக்க அறுத்த வலையின் விலை அன்றைக்கு யார் பற்றில் ஏறுகிறது?

புல் மேய வரும் விலங்கு

ஆவுளியா மீன் அல்ல, பாலூட்டி. சுமார் 3 மீட்டர் நீளம், 400 கிலோ அளவு எடை. கடலில் வாழும் பாலூட்டிகளில் முழுக்க முழுக்கத் தாவரம் தின்று பிழைக்கும் இனம். அதன் தீனி கடற்புல். மீனவர்கள் பொதுவாகத் தாழை என்பார்கள். வளர்ந்த ஆவுளியா ஒரு நாளைக்கு 30, 40 கிலோ வரை மேயும். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். பெரும்பகுதி 13 மீட்டருக்குள் அடங்கிவிடும். வெயில் அடிவரை எட்டுவதால் தாழை நன்றாக வளர்கிறது. தாழை வளரும் இடத்தில் இறால் குஞ்சும் நண்டும் சேரும். நண்டு சேரும் இடத்தில் வலை வரும். ஆவுளியாவும் நண்டு மீனவரும் ஒரே வயலுக்கு வந்து சேர்வது தற்செயல் அல்ல.

இதன் பிறப்புக் கணக்கு மிகவும் மந்தமானது. பெண் ஆவுளியா முதல் குட்டி ஈனவே பத்து வயதை ஒட்டியோ அதற்கு மேலோ ஆகலாம். சினைக்காலம் 13 முதல் 15 மாதம். ஒரு நேரத்தில் ஒரு குட்டி. அடுத்த குட்டிக்கு மூன்றிலிருந்து ஏழு ஆண்டு இடைவெளி. 70 வயது வரை வாழக்கூடியது என்பதால் இந்த மந்தம் அதற்குப் போதுமானதாக இருந்தது, வலை வரும் வரை. எல்லாம் சாதகமாக அமைந்தாலும் ஒரு கூட்டம் ஆண்டுக்கு 5 சதவீதத்துக்கு மேல் பெருகாது. வளர்ந்த பெண் விலங்குகளில் மனிதரால் ஆண்டுக்கு ஒன்றிரண்டு சதவீதம் செத்தாலே கூட்டம் தேய ஆரம்பிக்கும் என்பது கடல்பசு ஆய்வாளர்கள் பல காலமாகச் சொல்லிவருவது. இந்தியாவில் கட்ச் வளைகுடா, மன்னார் வளைகுடா, பாக் விரிகுடா, அந்தமான் எல்லாம் சேர்த்து 200-லிருந்து 250 வரைதான் இருக்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அதில் பாதி பெண் என்று வைத்து, குட்டிகளைக் கழித்துப் பாருங்கள். ஆண்டுக்கு ஒரு தாய் ஆவுளியா வலையில் போனாலே நாடு முழுவதற்குமான கணக்கு நஷ்டத்தை நெருங்கிவிடுகிறது. மற்ற மீன்பிடிப் பிரச்சினைகளில் நூறு, ஆயிரம் என்று பேசுவோம். இங்கே ஒன்று, இரண்டு என்றுதான் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு காலத்தில் கறிக்காக வேட்டையாடினார்கள். அதை மறைப்பதில் பயனில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மிகுந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் இது இருக்கிறது. சட்டத்தின் பயமும் வனத்துறையின் கண்காணிப்பும் சேர்ந்து வேட்டையைப் பெருமளவு ஒடுக்கிவிட்டன. இன்று மிஞ்சியிருக்கும் பெரிய அபாயம் யாரும் விரும்பாமலே நடப்பது.

வலை

கடல்வாழ் உயிர்கள் சிக்குவது என்றதும் பலருக்கு நினைவு வருவது சென்னைக் கடற்கரையின் பங்குனி ஆமைகள். 2025 ஜனவரியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கியபோது தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை விஷயம் போனது. அந்தக் கதையில் முக்கியப் பாத்திரம் விசைப்படகின் இழுவலை. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகு இழுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது; கொச்சி மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் வடிவமைத்த ஆமை விலக்குச் சாதனமும் இருக்கிறது. இரண்டும் பின்பற்றப்படுகின்றனவா என்பதுதான் அங்கே கேள்வி. ஆவுளியாவின் கதை வேறு. விசைப்படகு தாழையைச் சீரழிக்கிறது. ஆனால் ஆவுளியாவை நேரடியாகப் பிடித்து வைப்பது பெரும்பாலும் சிறு மீனவர் ஓரிடத்தில் நிறுத்திவைக்கும் நிலை வலை. ஏழையின் வலை என்பதால்தான் இந்தப் பிரச்சினையில் கையை வைக்க எல்லோரும் தயங்குகிறார்கள். தயங்குவதில் நியாயமும் இருக்கிறது.

இந்தக் கரையில் புழங்கும் வலைகளில் இரண்டைக் குறிப்பாகச் சொல்லலாம். ஒன்று திருக்கை வலை: திருக்கை போன்ற பெரிய மீனுக்கு விரிக்கும் அகன்ற கண்ணுள்ள வலை. ஆவுளியாவின் துடுப்பும் வாலும் இதன் கண்ணுக்குள் தாராளமாக நுழையும். மற்றொன்று நண்டு வலை. நைலான் நரம்பில் செய்தது. மேலே சிறு மிதப்பு, கீழே ஈயம். தரையோடு தரையாகச் சுவர் மாதிரி நிற்கும். ஓலைக்கால் நண்டு இரவில் நகரும்போது அதில் காலை விட்டு மாட்டிக்கொள்ளும். பொழுது சாயும்போது விரித்துவிட்டு வந்தால் விடியலில் போய் இழுத்துக்கொள்ளலாம். விலை குறைவு, ஆள் குறைவு, டீசல் குறைவு. வல்லம் என்ற சிறு நாட்டுப்படகு வைத்திருப்பவருக்கு இதைவிடச் சிக்கனமான தொழில் கிடையாது.

சிக்கல் அந்த இரவில் இருக்கிறது. பகலில் படகு நடமாட்டம் மிகுந்த இடங்களில் ஆவுளியா கரையோரத் தாழைக்கு இருட்டிய பிறகு மேய வரும் பழக்கம் கொண்டது. அதாவது மனிதத் தொந்தரவைத் தவிர்க்க அது தேர்ந்தெடுத்த நேரமும், மீனவர் தூங்கிக்கொண்டிருக்க வலை மட்டும் விழித்திருக்கும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. கண்பார்வை அதற்குக் கூர்மை இல்லை. மூஞ்சியில் உள்ள முரட்டு மயிர்களால் தடவித் தடவித்தான் மேய்கிறது. தடவும் இடத்தில் மெல்லிய நரம்பு வலை நின்றால் அது எதிரில் இருப்பது தெரிவதற்குள் துடுப்பு உள்ளே போயிருக்கும்.

அதன் பிறகு நேரம் அதிகம் இல்லை. மீனுக்குச் செவுள் உண்டு, இதற்கு நுரையீரல். சாதாரணமாக மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கும். மூச்சைப் பிடித்தால் எட்டு நிமிடம், சில சமயம் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கலாம். சிக்கித் திமிறும் விலங்குக்கு அந்த அவகாசமும் சுருங்கிவிடும். விடியற்காலை வலை இழுக்க வரும் மீனவர் பார்ப்பது பெரும்பாலும் உடலைத்தான். உயிரோடு விடுவித்ததாக நாம் செய்தித்தாளில் படிக்கும் சம்பவங்களில் ஒரு பொதுத்தன்மை உண்டு: வலைக்குப் பக்கத்தில் ஆள் இருந்தது, அல்லது வலை விலங்கின் எடையைத் தாங்காமல் அதை மேலே வரவிட்டது. தஞ்சை மாவட்டக் கடலோரத்தில் அப்படி விடுவித்த மீனவர்களை வனத்துறை பாராட்டி ரொக்கப் பரிசு கொடுத்தது பலமுறை செய்தியாகியிருக்கிறது.

வல்லத்தின் மேல் நடக்கும் பற்று வரவு

இப்போது மீனவர் பக்கம் வருவோம். உயிரோடு சிக்கிய 400 கிலோ விலங்கு திமிறுகிறது. வலையை நிதானமாகக் கழற்ற முடியாது. கிட்டே போனால் வல்லமே ஆட்டம் காணும். செய்யக்கூடியது ஒன்றுதான்: கத்தியை எடுத்து அறுக்க வேண்டும். விலங்கு சுற்றிக்கொண்ட பகுதி மட்டும் போனால் அதிர்ஷ்டம். உருண்டு புரண்டு பல வலைகளை ஒன்றாகச் சுருட்டிவிட்டால் அன்றைய மீன்பாடும் போகும், வலையும் போகும். புது நரம்பு வலையை மிதப்பும் ஈயமும் கட்டித் தயார் செய்ய வீட்டுப் பெண்களின் உழைப்பும் நாட்களும் வேண்டும். அந்த நாட்களில் வருமானம் இல்லை.

தொண்டிப் பக்கம் நண்டுத் தொழில் செய்யும் ஒருவரிடம் இதைக் கேட்டேன். "அண்ணே, ஆவுளியா பட்டால் அறுத்துவிடுவீர்களா?" என்றேன். "அறுக்காமல் எப்படி, தம்பி? அது நம்மைப் பார்க்கிற பார்வை ஒரு மாதிரி இருக்கும்" என்றவர், சற்று நேரம் கழித்துத் தானாகவே சேர்த்துக்கொண்டார்: "ஆனால் வலை வியாபாரி கொடுத்த பணத்தில் வாங்கியது."

இரண்டாவது வாக்கியம்தான் இந்த ஆய்வின் மையம். இந்தக் கரையில் பல சிறு மீனவர்களின் வலையும் இயந்திரமும் நண்டு வியாபாரியின் முன்பணத்தில் வாங்கியவை. முன்பணம் வாங்கியவர் நண்டை அவரிடமே போட வேண்டும். விலையையும் பெரும்பாலும் அவரே சொல்வார். வலை அறுந்தால் வியாபாரி புது வலைக்கு மறுபடியும் பணம் தருவார், கோபித்துக்கொள்ள மாட்டார். கடன் மட்டும் கூடும். பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்துப் பேரேடு எழுதிய வழியில் வந்த ஊர்க்காரர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. ஒரு ஆவுளியாவின் உயிர் மீனவரின் பற்றுப் பக்கத்தில் எழுதப்படுகிறது. வரவுப் பக்கத்தில் ஒரு சால்வையும் ஒரு புகைப்படமும் இருக்கின்றன.

இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு, அது இன்னும் மோசம். காலையில் செத்துக் கிடக்கும் ஆவுளியாவைப் பார்த்தவர் என்ன செய்வார்? முதல் அட்டவணை விலங்கு, வழக்கு, சிறை என்ற சொற்கள் கடலோரத்தில் நன்றாகப் பரவியிருக்கின்றன. வேண்டுமென்று கொல்லவில்லை என்று நிரூபிக்கும் வேலை தன் தலையில் விழும் என்று அஞ்சுபவர் வாயைத் திறக்க மாட்டார். உடல் கடலோடு போய்விடும். எங்கே, எந்த வலையில், எத்தனை மணிக்கு, ஆணா பெண்ணா என்ற விவரம் அதோடு போய்விடும். எந்தெந்த மாதத்தில் எந்தத் தாழைப் படுகையில் அபாயம் அதிகம் என்று அறியாமல் எதையும் குறைக்க முடியாது. அறிய வேண்டியவருக்குத் தெரிவிக்கக்கூடிய ஒரே மனிதர் பயந்துகொண்டிருக்கிறார்.

செய்யப்பட்டவை

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் பொய். காடழிப்புக்கு ஈடாக வசூலாகும் மத்திய அரசின் காம்பா நிதியில் 2016-இலிருந்து டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம் கடல்பசு மீட்புத் திட்டத்தை நடத்திவந்தது. அதில் எனக்குப் பிடித்த அம்சம், கடலில் ஆவுளியாவைக் கண்டால் தெரிவிக்கும் தன்னார்வ வலையமைப்பில் மீனவர்களைச் சேர்த்து, அவர்கள் பிள்ளைகளுக்குக் கடல்பசு பெயரிலேயே படிப்பு உதவித்தொகை கொடுத்தது. வீட்டில் ஒரு பிள்ளையின் படிப்போடு ஒரு விலங்கின் பெயர் ஒட்டிக்கொண்டால் அப்பா அதை வேறு கண்ணோடு பார்ப்பார். தஞ்சை மாவட்டத்தில் ஓம்கார் அறக்கட்டளை போன்ற உள்ளூர் அமைப்புகள் தாழைப் படுகைகளைக் காப்பதிலும் கிராமங்களில் பேசுவதிலும் பல ஆண்டு உழைத்திருக்கின்றன.

2022 செப்டம்பரில் தமிழக அரசு வடக்குப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டில் முதலாவது. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கரையோரம் அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாப்பட்டினம் வரை நீள்கிறது. உள்ளே 12,250 ஹெக்டேர் கடற்புல் இருக்கிறது. பாதுகாப்பகம் என்ற வகை சரணாலயம் போன்றது அல்ல. மீன்பிடிக்கத் தடை இல்லை. கிராமங்களோடு கலந்து பேசி நடத்த வேண்டியது. தடை போட்டிருந்தால் ஊர் முழுவதும் ஆவுளியாவுக்கு எதிரியாகியிருக்கும் என்பதால் இந்தத் தேர்வு சரியானது என்றே நினைக்கிறேன். ஆனால் தடை இல்லாத இடத்தில், வலை எப்படி விரிப்பது என்பதற்கு ஒரு நடைமுறை வேண்டும். வரைபடத்தில் கோடு போட்டால் வலை தானாக மாறாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அம்மாப்பட்டினத்துக்குத் தெற்கே கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல், தொண்டி என்று வரும் கரை, அதாவது செட்டிநாட்டின் கிழக்கு வாசல், அந்தக் கோட்டுக்கு வெளியே இருக்கிறது. தாழையும் ஆவுளியாவும் கோட்டோடு நின்றுவிடுவதில்லை. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல், கடலோரப் பகுதி ஆய்வுத் துறை இயங்குகிறது. காரைக்குடியில் ஒரு வள்ளல் கட்டிய கல்வியின் நீட்சி கடலோரத்தில் இருப்பது நமக்குக் கிடைத்த வசதி. எந்தப் படுகையில் எந்த மாதம் எத்தனை நண்டு வலை கிடக்கிறது என்று கணக்கெடுக்க அதைவிடப் பக்கத்தில் வேறு யாரும் இல்லை.

சௌராஷ்டிராவில் நடந்தது

வலை விலை என்ற கேள்விக்கு இந்தியாவிலேயே விடை இருக்கிறது. குஜராத்தின் சௌராஷ்டிரக் கரையில் திமிங்கிலச் சுறாவை ஈரல் எண்ணெய்க்காகக் கொன்றுகொண்டிருந்தார்கள். 2001-இல் அது முதல் அட்டவணையில் சேர்ந்தது. 2004-இல் இந்திய வனவிலங்கு அறக்கட்டளையும் மாநில வனத்துறையும் டாடா கெமிக்கல்ஸ் நிறுவனமும் சேர்ந்து ஒரு இயக்கம் தொடங்கின. கதாகாலட்சேபம் செய்யும் மொராரி பாபு, பிரசவத்துக்குத் தாய்வீடு வரும் மகளுக்கு அந்தச் சுறாவை ஒப்பிட்டுப் பேசினார். அந்த உவமை ஊர் ஊராகப் பரவியது. நம் ஊரிலும் வளைகாப்பு முடிந்து வரும் பெண்ணை யாரும் வெறுங்கையோடு அனுப்புவதில்லை. உவமையின் வலிமை புரிகிறது. எனினும் இயக்கம் உவமையால் மட்டும் நிற்கவில்லை. அறுத்த வலைக்கு வனத்துறை இழப்பீடு கொடுத்தது.

முதலில் அதிகாரி கடலுக்கு வந்து பார்த்துச் சான்று கொடுத்த பிறகே பணம். அதுவரை சுறா வலையிலேயே கிடக்க வேண்டும். பின்னர் மீனவரிடமே தண்ணீர் புகாத கேமராவைக் கொடுத்து, தாமே படம் எடுத்துவிட்டு உடனே அறுத்துவிடலாம் என்று மாற்றினார்கள். நேரம் குறைந்தது, பிழைத்த விலங்குகள் கூடின. 700-க்கும் மேற்பட்ட திமிங்கிலச் சுறாக்கள் இப்படி விடுவிக்கப்பட்டிருக்கின்றன. மகாராஷ்டிராவிலும் 2018 இறுதியிலிருந்து, பாதுகாக்கப்பட்ட உயிரினத்தை விடுவிக்கும்போது சேதமான வலைக்கு, படமோ காணொளியோ காட்டினால் 25,000 ரூபாய் வரை இழப்பீடு தரும் ஏற்பாடு வந்தது. அந்த ஏற்பாட்டில் வனத்துறைக்கு இன்னொரு லாபமும் உண்டு: ஒவ்வொரு விண்ணப்பமும் எங்கே எப்போது எந்த வலையில் சிக்கியது என்ற பதிவாகிவிடுகிறது. பயத்தில் மறைந்த விவரம் பணத்தைத் தேடி வெளியே வருகிறது.

பரிசு வேறு, இழப்பீடு வேறு. பரிசு கொடுப்பவர் மனம் வைத்தால் வருவது. விழா வேண்டும், மேடை வேண்டும். இழப்பீடு கேட்டால் வர வேண்டியது. முன்பணக் கடனில் வலை வாங்கியவருக்கு இரண்டுக்கும் உள்ள தூரம் ஒரு மாத வட்டி.

இதில் ஒரு ஆபத்தை மெக்சிகோவிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும். கலிபோர்னியா வளைகுடாவில் வாக்கீட்டா என்ற சிறு கடற்பன்றி இனம் 1997-இல் 600-ஐ ஒட்டி இருந்தது. இன்று பத்துக்கும் குறைவு. அங்கே 2015-இல், மீனின் செவுளில் மாட்டிப் பிடிக்கும் செவுள் வலைக்குத் தடை போட்டு இழப்பீடும் கொடுத்தார்கள். பணம் உரிமம் வைத்திருந்தவர்களைச் சேர்ந்த அளவுக்குப் படகில் வேலை செய்தவர்களைச் சேரவில்லை என்ற குறை கடைசி வரை தீரவில்லை. டொட்டோவாபா என்ற மீனின் காற்றுப்பைக்குக் கிடைத்த கள்ளச்சந்தை விலையும் அதற்காகத் திருட்டுத்தனமாக விரித்த வலையும் மீதியைச் செய்துவிட்டன. இங்கும் வல்லம் ஒருவருடையது, வலை இன்னொருவர் பணத்தில், கடலுக்குப் போவது மூன்றாமவர் என்ற நிலை உண்டு. கத்தியைப் பிடிப்பவர் யாரோ அவர் பெயரில் பணம் வர வேண்டும்.

கருவிகளைப் பற்றி சுருக்கமாக

ஓங்கில்கள், அதாவது டால்பின்கள், வலையை விட்டு விலக ஒலியெழுப்பும் சிறு கருவிகளை மாட்டும் முறை பல நாடுகளில் பலன் தந்திருக்கிறது. ஆவுளியாவிடம் அது எடுபடவில்லை. ஆஸ்திரேலியாவில் சோதித்தபோது அவை பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருந்தன. வலையில் விளக்கு மாட்டுவது ஆமைக்கு நன்றாக உதவுகிறது. பெரு நாட்டில் பேராமை என்னும் பச்சை ஆமை சிக்குவது சுமார் 64 சதவீதம் குறைந்தது. பாக் விரிகுடாவில் பேராமையும் தாழை மேய வருவதால் இதைச் சோதித்துப் பார்க்கலாம், ஆனால் விளக்கின் விலையை மீனவர் தலையில் கட்டினால் அடுத்த வாரமே அது பெட்டியில் கிடக்கும். நண்டு வலைக்குப் பதில் நண்டுக் கூடு என்ற யோசனையும் உண்டு. கூட்டில் ஆவுளியா மாட்டாது. நண்டும் அவ்வளவு மாட்டாது என்று மீனவர்கள் சொல்கிறார்கள்.

கருவி இல்லாத வழி ஒன்று இருக்கிறது: வலைக்குப் பக்கத்தில் ஆள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 1997-இலேயே கடல்பசுவுக்கென்று தனிப் பகுதிகள் ஒதுக்கி வலைகளுக்குக் கட்டுப்பாடு வைத்தார்கள். இப்போது பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 2027-க்குள் செவுள் வலையையே விலக்க முடிவு செய்து, அதற்கு 16 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பணம் நம்மிடம் இல்லை. ஆனால் தாழைப் படுகையின் மேல் மட்டும் இரவு முழுவதும் வலையை விட்டுவிட்டு வராமல், சில மணி நேரம் விரித்துக் கூடவே இருந்து இழுப்பது என்ற பழக்கம் பெரிய முதலீடு கேட்காது. தூக்கத்தைக் கேட்கும், சில நாள் நண்டைக் கேட்கும். அந்த இழப்பை யாராவது ஈடுசெய்தால் நடக்கும்.

ஈடுசெய்ய வேண்டியவர்

யார் என்ற கேள்விக்கு வனத்துறை என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். நண்டைப் பின்தொடர்ந்தால் வேறு சிலரும் தென்படுகிறார்கள். முதல்தர ஓலைக்கால் நண்டு ஏற்றுமதிக் கம்பெனிக்குப் போகிறது. சதை எடுத்து டப்பாவில் அடைத்து ஏற்றுமதியாகிறது. முக்கியச் சந்தை அமெரிக்கா. உடைந்ததும் சிறியதும் உள்ளூர்ச் சந்தைக்கு, அதாவது நமக்கு, மிளகும் சோம்பும் அரைத்த மசாலாவுக்கு வருகிறது.

அமெரிக்கா 2016-இல் ஒரு விதி கொண்டுவந்தது. தங்கள் நாட்டு மீன்பிடியில் கடற்பாலூட்டிகளுக்கு உள்ள பாதுகாப்புக்கு நிகரான ஏற்பாடு இல்லாத மீன்பிடியிலிருந்து எதுவும் இறக்குமதியாகக் கூடாது என்பது அதன் சாரம். பலமுறை தள்ளிப்போய் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஆமை விலக்குச் சாதன விஷயத்தில் 2019-இல் இந்தியக் கடல் இறாலுக்கு அமெரிக்கக் கதவு அடைபட்டதை ஏற்றுமதியாளர்கள் மறக்கவில்லை. அதனால்தான் கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையமும் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும் இந்தியக் கடற்பாலூட்டிகளைக் கணக்கெடுக்கும் வேலையில் இறங்கின. ஆவுளியாவின் மீது கம்பெனிக்குத் திடீரென்று பிறந்த அக்கறை எங்கிருந்து வந்தால் என்ன? வந்ததைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். வாங்கும் ஒவ்வொரு கிலோ நண்டுக்கும் சில பைசாவை மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு வலை நிதியாகப் போட்டால், வனத்துறைக் கோப்பு நகரும் வரை காத்திருக்காமல் அன்று மாலையே புது வலைக்குப் பணம் கொடுக்கலாம். கைப்பேசியில் எடுத்த காணொளி போதும். செத்த விலங்கைத் தெரிவித்தவருக்கும், அதுவும் வலை விரித்தவரே தெரிவித்தால், சேதமான வலைக்கு அதே பணம் உண்டு என்று சேர்க்க வேண்டும். இது கொலைக்குக் கூலி என்று சிலர் எதிர்ப்பார்கள். உடல்கள் சத்தமில்லாமல் மறைவதை நிறுத்த எனக்கு வேறு வழி தெரியவில்லை.

தொண்டிக்காரர் இதைக் கேட்டுவிட்டு ஒரு திருத்தம் சொன்னார். "பணத்தை வியாபாரி கையில் கொடுத்துவிடாதீர்கள், தம்பி. கடனில் கழித்துக்கொள்வார்." பாரபட்சமில்லாத திருத்தம் என்று சொல்ல மாட்டேன்; வியாபாரியைக் கேட்டால் அவருக்கும் ஒரு கணக்கு இருக்கும். ஆனால் மெக்சிகோவில் பல கோடி செலவழித்துக் கற்ற பாடத்தை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

எங்கே தொடங்குவது என்பதில் எனக்கு ஒரு யோசனை உண்டு. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. சாதாரண நாட்களில் பாக் விரிகுடாவில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்று பங்கு போட்டுத் தொழில் நடக்கிறது. அந்த 61 நாளும் கடல் முழுவதும் சிறு வல்லங்களுடையது. இழுவலை வந்து நிலை வலையை வாரிக்கொண்டு போகும் பயம் இல்லை. வலை விரித்த இடத்தில் இரவில் தங்கலாம். விசைப்படகு மீன் வராததால் காரைக்குடிச் சந்தையில் நண்டுக்கு விலையும் ஏறியிருக்கும். பாதுகாப்பகத்துக்கு வெளியே, தொண்டிக்கும் ஜெகதாப்பட்டினத்துக்கும் இடையே விருப்பமுள்ள இரண்டு மூன்று கிராமங்களில், தாழைப் படுகைகளின் மேல் ஆள் இருக்கும் வலை மட்டும் என்ற முறையை அந்தக் காலத்தில் சோதிக்கலாம். பக்கத்துக் கிராமத்தின் வழக்கமான இரவு வலையோடு நண்டு எடை, டீசல் செலவு, வலைச் சேதம் மூன்றையும் ஒப்பிட்டால், ஒரு இரவுத் தூக்கத்துக்கு எவ்வளவு ஈடு கொடுக்க வேண்டும் என்ற தொகை கையில் கிடைத்துவிடும். தொகை தெரிந்த பிறகு கம்பெனியோடும் வனத்துறையோடும் பேசுவது எளிது.